வீட்டு வரி: நியாயம் மதிப்பீட்டில் இருக்கிறது

(பெசன்ட் நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சொத்து வரி பற்றிப் பேச வேண்டும் என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. கலாக்ஷேத்ராவும் பிரம்மஞான சபையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் மாலைக் கூட்டமென்றால் இசையோ தத்துவமோ இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இரண்டு முறை தொடுகிற விஷயம் இது. சொந்த வீட்டுக்காரரை நேரடியாகத் தொடுகிறது. வாடகைக்கு இருப்பவரை வாடகை வழியாகத் தொடுகிறது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரி உயர்ந்தது என்று செய்தி வந்ததும் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி, “எத்தனை சதவீதம்?” என்பதுதான். எதன்மேல் அந்தச் சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு மாநகராட்சி போட்டிருக்கும் மதிப்பு சரியா, பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை. வரியின் நியாயமும் அநியாயமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. சதவீதம் அதற்கு அப்புறம் வருகிற பெருக்கல்.

சென்னை மாநகராட்சி பல ஆண்டுகளாகக் கையாண்ட கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டின் தளப் பரப்பைச் சதுர அடியில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தெருவுக்கு என்று ஒரு அடிப்படை விகிதம் இருக்கிறது. 1998-ல் வைத்தபோது குடியிருப்புகளுக்குச் சதுர அடிக்கு 60 பைசாவிலிருந்து 2 ரூபாய் 40 பைசா வரை. கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. பரப்பை விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும். அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு.

இந்த 10.92 எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு உரியது என்று வைத்தார்கள். மிச்சம் 10.8 மாத வாடகை கட்டடத்துக்கு உரியது. கட்டடம் இருந்தால் பழுது பார்க்க வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும். அதற்காகக் கட்டடத்தின் பங்கில் மட்டும் பத்து சதவீதம், அதாவது 1.08, கழித்துவிடுகிறார்கள். பன்னிரண்டிலிருந்து 1.08 போனால் 10.92. கட்டடத்துக்கு உரிய வாடகையில் பத்து சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழிக்க வேண்டும் என்பது 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஓர் எண்ணுக்குள் ஒரு சட்டப் பிரிவே அடங்கியிருக்கிறது. நம் வரிச் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. கேட்டால் சொல்ல வேண்டிய காரணம் அது.

ஆயிரம் சதுர அடி அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெரு விகிதம் 2 ரூபாய் என்று வைப்போம். கட்டடத்தின் வயதுக்கும் சொந்தக் குடியிருப்புக்கும் உள்ள கழிவுகளை, கணக்கு எளிதாக இருக்க, இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன். மாத வாடகை மதிப்பு 2,000 ரூபாய். ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டு வரி 12.40 சதவீதம். ஆக, அரையாண்டுக்கு 2,708 ரூபாய்.

இந்த 12.40-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். பொது வரி 9 சதவீதம். கல்வி வரி 2.5 சதவீதம். மிச்சம் 0.9 நூலக வரி. அதாவது பொது வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. நம் உதாரண வீட்டில் அரையாண்டுக்குக் கல்விக்கு 546 ரூபாயும் நூலகத்துக்கு 196 ரூபாய் 56 பைசாவும் போகின்றன. குப்பை அள்ளவும் தெருவிளக்குக்கும் மட்டும் வரி கட்டுவதாகத்தான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூலக வரி இருக்கிறதே, அது இந்தியாவுக்கே முன்னோடியாக இங்கே பிறந்தது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பயனாக 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஊருக்கு ஊர் நூலகம் வேண்டும், அதற்கு யாருடைய தயவையும் எதிர்பார்க்காத நிலையான வருமானம் வேண்டும், அந்த வருமானம் ஊராரின் வீட்டு வரியோடு சேர்ந்தே வரட்டும் என்ற ஏற்பாடு அது. கன்னிமரா நூலகம் மாநில மைய நூலகமானதும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். கல்வி வரியும் அப்படித்தான். 1920-ல் மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. இன்று நாடு முழுக்கப் பேசப்படும் சத்துணவின் முதல் கவளம் ஒரு மாநகராட்சியின் பள்ளியில் ஊட்டப்பட்டது. இதையெல்லாம் அறிந்தவர்கள் வீட்டு வரியை வெறும் தண்டலாக நினைக்க மாட்டார்கள். நான் வரியைக் குறைக்கச் சொல்லி இங்கே வரவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இனி அந்த 2,000 ரூபாய் மாத வாடகை மதிப்புக்கு வருவோம். பெசன்ட் நகரில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. ஏன் மாநகராட்சியின் ஏட்டில் வாடகை இவ்வளவு குறைவாக இருக்கிறது?

சட்டம் சொல்வது, ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாமோ அதுவே அதன் மதிப்பு என்பது. வீட்டுக்காரரே குடியிருந்தாலும், பூட்டிக் கிடந்தாலும், ஒரு கற்பனைக் குடியிருப்பாளர் என்ன தருவார் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஏழைகள் நிவாரணத்துக்காக வரி தண்டிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த முறை இது. நம் ஊருக்கு வந்தபின் அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் போய் முட்டியது. நியாய வாடகைக்கு மேல் வாங்குவது சட்ட விரோதம் என்றால், அதற்கு மேல் எப்படி நியாயமாக எதிர்பார்க்க முடியும்? குண்டூர் நகராட்சிக்கும் அவ்வூர் வரி செலுத்துவோர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு விடை சொன்னது. குண்டூர் அன்று ஆந்திரத்தில் இருந்தாலும் வழக்கு எழுந்தது நம் பழைய சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ். நியாய வாடகைதான் உச்ச வரம்பு, வீட்டுக்கு நியாய வாடகை நிர்ணயம் ஆகியிருக்காவிட்டாலும் அதையொட்டியே மதிப்பிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1980-ல் தில்லியைச் சேர்ந்த திவான் தௌலத் ராய் கபூர் வழக்கில் அது மேலும் உறுதியானது. இந்தியா முழுவதும் நகராட்சிகளின் வீட்டு மதிப்புகள் பழைய வாடகையோடு கட்டிப்போடப்பட்டன.

இந்தக் கட்டிலிருந்து வெளியே வர மற்ற நகரங்கள் வழி தேடின. பாட்னா 1993-ல் வாடகையை விட்டுவிட்டு, இடம், பயன்பாடு, கட்டட வகை ஆகியவற்றைப் பார்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்தது. உச்ச நீதிமன்றம் 1995-ல் அதை ஏற்றுக்கொண்டது. அகமதாபாத், தில்லி, பெங்களூரு ஆகியவை தத்தம் வழியில் பரப்பளவு முறைக்குப் போயின. மும்பை சந்தை மதிப்பையே அடிப்படையாக எடுத்தது. சென்னை வாடகை முறையை விடாமலே, தெருவுக்குத் தெரு சதுர அடி விகிதம் வைத்து, இரண்டையும் இணைத்துக்கொண்டது. நல்ல ஏற்பாடுதான். விகிதத்தைப் பட்டியலாக வெளியிட்டால் யாரும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் காலத்தோடு நடக்க வேண்டும்.

அங்கேதான் கோளாறு. 1998-க்குப் பிறகு சென்னையில் பொதுச் சீராய்வு முழுதாக நடந்து நிலைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இருபது ஆண்டுகளில் ஊர் என்னவெல்லாம் ஆனது என்று எண்ணிப் பாருங்கள். தரமணியில் டைடல் பார்க் வந்தது 2000-ல். பறக்கும் ரயில் வேளச்சேரியை எட்டியது 2007-ல். 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஏரிக்கரையாகவும் வயலாகவும் இருந்த இடங்கள் நகரத்தின் விலை உயர்ந்த பகுதிகள் ஆயின. 1998-ல் ஒரு தெருவுக்கு மற்றொரு தெரு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று வரைந்த படம் மட்டும் அப்படியே நின்றது.

பெசன்ட் நகர் இதில் எங்கே நிற்கிறது? அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதி வீட்டு வசதி வாரியத்தின் மனைகளால் வளர்ந்தது. அவென்யூக்களில் தனி வீடுகளும், உள்ளே வாரியக் குடியிருப்புகளும், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும், கடலோரத்தில் அவற்றுக்கெல்லாம் மூத்த மீனவர் குப்பங்களும் இருக்கின்றன. ஒரே சதுர மைலுக்குள் இத்தனை வகை வீடுகளை வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாது. பிறகு ஜாயின்ட் வென்ச்சர் காலம் வந்தது. தனி வீடு இடிந்து, தரைத்தளத்தில் கார் நிறுத்தமும் மேலே ஆறு வீடுகளும் எழுந்தன. ஒரு வரி விதிப்பு எண் இருந்த இடத்தில் ஆறு எண்கள். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டியும் இரண்டாவது அவென்யூவிலும் வீடுகளின் தரைத்தளங்கள் உணவகங்களாகவும் கிளினிக்குகளாகவும் மாறின. மதிப்பீடு என்பது இந்த மாற்றத்தின் பின்னாலேயே ஓட வேண்டிய வேலை. நின்றுவிட்டால் ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்காரர் இருவர் வேறு வேறு வரி கட்டுவார்கள்.

2018 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்துக்குப் பிறகு, அரசு ஒரு சீராய்வை அறிவித்தது. குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, மற்றவற்றுக்கு 100 சதவீதம் வரை என்றார்கள். உரிமையாளர்கள் தாங்களே பரப்பையும் பயன்பாட்டையும் எழுதித் தர வேண்டும் என்று சுயமதிப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். எதிர்ப்பு வந்தது. 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள்; கூடுதலாகக் கட்டிய பணம் பின்வரும் அரையாண்டுகளில் சரிக்கட்டப்பட்டது. அப்புறம் பதினைந்தாவது நிதிக் குழு ஒரு நிபந்தனை வைத்தது. மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியின் வேகத்துக்குக் குறையாமல் வளர வேண்டும், இல்லையென்றால் நகரங்களுக்கான மானியம் கிடையாது. 2022 ஏப்ரலில் உயர்வு வந்துவிட்டது.

அந்த உயர்வின் வடிவத்தைக் கவனியுங்கள். பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம். 601 முதல் 1,200 வரை 75. 1,201 முதல் 1,800 வரை 100. அதற்கு மேல் 150. 2011-ல் சேர்ந்த பகுதிகளுக்கு ஒவ்வொரு படியிலும் குறைவு: 25, 50, 75, 100. வணிகக் கட்டடங்களுக்குப் பழைய பகுதியில் 150.

சிறிய வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்ற எண்ணம் நல்ல எண்ணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது மதிப்பீடு இல்லை. ஏற்கெனவே இருந்த தொகையின்மேல் ஏற்றிய விழுக்காடு. 1998-ல் சரியாக மதிப்பிட்ட வீடும் தவறாக மதிப்பிட்ட வீடும் ஒரே விழுக்காட்டில் ஏறின. தவறு திருத்தப்படவில்லை, பெரிதாக்கப்பட்டது. அன்று 500 ரூபாய் வித்தியாசம் என்றால், இரட்டிப்பானபின் ஆயிரம்.

படிக்கட்டு முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள். ஒன்று 1,190 சதுர அடி, மற்றொன்று 1,210. அதே 2 ரூபாய் விகிதத்தில் பழைய அரையாண்டு வரி முன்னதற்கு 3,223 ரூபாய், பின்னதற்கு 3,277. வித்தியாசம் 54 ரூபாய். இருபது சதுர அடிக்குரிய நியாயமான வித்தியாசம். உயர்வுக்குப் பிறகு முதல் வீடு 5,640 ரூபாயும் இரண்டாவது வீடு 6,554 ரூபாயும் கட்ட வேண்டும். இருபது சதுர அடிக்கு, அதாவது ஒரு சின்ன பால்கனிக்கு, அரையாண்டுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல். இங்கே பரப்பு என்று எதை எடுத்தார்கள் என்பது உயிர்நாடியான கேள்வியாகிவிடுகிறது. பில்டர் விளம்பரத்தில் போட்ட சூப்பர் பில்ட் அப் பரப்பா, பத்திரத்தில் உள்ளதா, நேரில் அளந்ததா? எல்லையை ஒட்டி வீடு வைத்திருக்கும் எத்தனை பேர் டேப் எடுத்து அளந்து பார்த்தார்கள்?

மதிப்பை உறைய வைப்பது நமக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் இன்றும் 1991-ஆம் ஆண்டு விலையை வைத்துத்தான் வசூலாகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் பதின்மூன்றாவது முன்மொழிவு நிறைவேறியது. வீடு கைமாறும் வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. விளைவு, ஒரே மாதிரி இரண்டு வீடுகளில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் கட்டுவதைப் போலப் பல மடங்கை நேற்று வாங்கியவர் கட்டுகிறார். வரி உயராமல் இருந்ததால் மக்களுக்கு நன்மை என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எந்த மக்களுக்கு என்பதுதான். மதிப்பு உறைந்தால் ஊரின் விலை உயர்ந்த பகுதிக்காரர் பயன் பெறுகிறார். அவர் கட்ட வேண்டிய பாரம் ஊரின் வளராத பகுதிக்காரர்மேல் போய் விழுகிறது.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. 1998-ல் இயற்றிய சட்டம், விதிகளோடு சேர்ந்து உயிர் பெற அத்தனை காலம் காத்திருந்தது. இப்போது ஆண்டுதோறும் 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு வரி உயர வேண்டும் என்பது ஏற்பாடு. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. நம் ஆயிரம் சதுர அடி வீடு 2,708-லிருந்து 75 சதவீதம் ஏறி 4,739 ஆகி, அதன்மேல் 6 சதவீதம் சேர்ந்து 5,024 ஆகிறது. இருபது ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட ஆண்டுக்கு ஆண்டு சிறிது ஏறுவது எவ்வளவோ மேல். அதை வரவேற்கிறேன். ஆனால் அதுவும் பழைய அடித்தளத்தின்மேல் கட்டும் மாடிதான். தெரு விகிதங்களைப் புதிதாக வைக்கும் வேலையை அது செய்யாது.

வாடகைக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டவும் இப்போது இடமில்லை என்பது என் கருத்து. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய், நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாடகையை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக விரும்புகிறேன். சென்னை மாநகராட்சி ஏன் பிறந்தது? வீட்டு வரியால் பிறந்தது. 1680-களில் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரிகள் நகர மக்கள்மீது வீட்டு வரி போட்டார்கள். 1686-ல் கறுப்பர் நகர மக்கள் கடைகளை அடைத்து எதிர்த்தார்கள். படையையும் அதிகாரத்தையும் வைத்திருந்த கும்பெனியால் அந்த வரியை நிம்மதியாகத் தண்ட முடியவில்லை. லண்டனில் கும்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு ஒரு முடிவுக்கு வந்தார். மேலிருந்து திணித்தால் மக்கள் சிறு தொகையைக்கூடத் தர மாட்டார்கள். தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொள்ள விட்டால் பெருந்தொகையும் தருவார்கள். அதன் பயனாக 1688 செப்டம்பர் 29-ல் மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மென், அறுபது பர்ஜெஸ்கள். ஆல்டர்மென்களில் ஆங்கிலேயரோடு இந்துக்களும் போர்த்துகீசியரும் யூதர்களும் இருந்தார்கள். அவர்கள் வரி போட்டு நகர மண்டபமும் பள்ளியும் கட்ட வேண்டும் என்பது திட்டம். திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆனால் கொள்கை சரியானது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதைவிட நல்ல கொள்கையை யாரும் சொல்லவில்லை.

அந்தக் கொள்கையை நாம் எப்படிக் காப்பாற்றினோம்? 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல். இருபத்து மூன்று ஆண்டுகள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் சென்னைக்காரர்கள் வரி கட்டினார்கள். மறுபடி 2016-லிருந்து 2022 வரை மன்றம் இல்லை. 2018-ல் சீராய்வு அறிவித்தபோது, “இது சரியில்லை” என்று சொல்லப் பெசன்ட் நகருக்கு ஒரு கவுன்சிலர் கிடையாது. 2022 மார்ச்சில் மேயர் பதவியேற்ற சில வாரங்களுக்குள் அரசின் உயர்வு அறிவிப்பு வந்தது. மன்றம் அதை விவாதித்து உருவாக்கவில்லை, வந்ததை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் மக்கள் இதைத் தங்கள் வரியாக உணரவில்லை.

இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன், கேள்வி நேரத்தில் கட்டாயம் வரும் என்பதால். ஒன்று, ராஜாஜி பவன் போன்ற மத்திய அரசுக் கட்டடங்கள். அரசியல் சட்டத்தின் 285-ஆம் உறுப்பின்படி ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ நகராட்சியோ வரி போட முடியாது. ஆனால் சேவைக் கட்டணம் உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பெறும் சேவையைப் பொறுத்துச் சொத்து வரியில் 75 சதவீதம், 50 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு. மற்றொன்று, வரி ரசீது வீட்டுக்கு உரிமைச் சான்றா என்பது. இல்லை. உரிமையை நிரூபிக்க அது மட்டும் போதாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. குப்பத்தில் மூன்று தலைமுறை ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வது கசப்பாக இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ரசீதை விடாதீர்கள், பட்டாவுக்கான முயற்சியையும் விடாதீர்கள்.

முதியவர்களைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். இந்த அரங்கில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாரியத்திடம் மனை வாங்கி வீடு கட்டினீர்கள். இன்று அதன் மதிப்பு கோடிகளில். கையில் வருவதோ மாதப் பென்ஷன். சரியான மதிப்பீடு வந்தால் முதல் அடி உங்கள்மேல் விழும் என்ற பயம் நியாயமானது. அதற்காக மதிப்பையே பொய்யாக வைத்திருப்பது தீர்வு இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயது நிறைந்த வீட்டுக்காரர்கள் தம் சொத்து வரியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். வீட்டின்மேல் வட்டியோடு அது கடனாக ஏறும். வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ தீர்த்தால் போதும். நகரத்துக்கும் நஷ்டமில்லை, முதியவரும் வீட்டை விட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் புதிய சட்டத்துக்குள் இப்படி ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லி முதியோர் அமைப்புகள் கேட்க வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியது. வீட்டுக்குப் போனதும் மாநகராட்சி இணையதளத்தில் உங்கள் வரி விதிப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். தொகையைப் பார்ப்பதற்கு முன் மதிப்பைப் பாருங்கள். பெயர் உங்கள் பெயரா, இறந்துபோன தகப்பனார் பெயரா, பில்டர் பெயரா? பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? பயன்பாடு குடியிருப்பு என்று இருக்கிறதா? கீழ்த்தளத்தை ஒரு பேக்கரிக்கு விட்டிருந்தீர்கள், அவர்கள் காலி செய்து போய்விட்டார்கள் என்றால் அந்தப் பகுதி இன்னும் வணிகமாகவே இருக்கக்கூடும். மாறாகக் கீழ்த்தளம் கிளினிக்காக இருக்க, ஏட்டில் வீடாக இருந்தால் அதையும் நாமே போய்ச் சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமான தவறையும் சொல்கிறவனுக்குத்தான் பாதகமான தவறைக் கேட்கும் தகுதி வரும். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தால் பழைய எண்ணை ரத்து செய்யவும் புதியவற்றுக்கு மதிப்பீடு செய்யவும் உடனே மனுக் கொடுங்கள். தாமதமானால் விட்டுப்போன அரையாண்டுகளை மொத்தமாகச் சேர்த்துக் கேட்பார்கள். மாநகராட்சி போடும் ஆண்டு மதிப்பையே எடுத்துக்கொண்டு குடிநீர் வாரியமும் தன் வரியைப் போடுகிறது என்பதால் ஒரு தவறு இரண்டு பில்களில் வரும். ஆட்சேபம் இருந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, அது கடந்தால் நியாயம் இருந்தும் பயனில்லை.

அடுத்தது எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது. வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே சாக்கடையும் தெருநாயும் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். அவற்றோடு, அடையாறு மண்டலத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் இப்போதைய சதுர அடி விகிதம் என்ன, அது எந்த ஆண்டில், எதை வைத்து முடிவானது என்ற பட்டியலைத் தமிழில் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இது மறுபடி பார்க்கப்படும் என்று கேளுங்கள். கவுன்சிலர் அதை மாமன்றத்தில் கேட்கட்டும். குப்பத்து வீட்டின் கணக்கும் கடற்கரைச் சாலை வீட்டின் கணக்கும் ஒரே சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

அடுத்த அரையாண்டு தொடங்கும் முதல் முப்பது நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம், உச்சமாக 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி உங்கள் மதிப்பீட்டைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் மனு எழுதுங்கள். பகுதி சபை கூடும் நாளில் தவறாமல் வாருங்கள். உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்வது இதுதான்.